தலைதூக்கிய பிஸ்டன்கள்

வாயாடி மூன்றாவது தடவையாக ஸ்பேனரை இழுத்தான். மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தியிருந்த இன்ஜின் பிளாக்கில் நாலு ஓட்டை, நாலு பிஸ்டன். மேலே மூட வேண்டிய ஹெட் இன்னும் ஏறவில்லை. அதனால் உள்ளே நடப்பதெல்லாம் மூடி திறந்த பாத்திரத்துக்குள் பார்ப்பதுபோலத் தெரிந்தது. பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கின் முனையில் நீள ஸ்பேனரை மாட்டிச் சுற்றினால் ஒன்றும் நாலும் ஜோடி போட்டு மேலே ஏறும், இரண்டும் மூன்றும் கீழே இறங்கும். இன்னும் அரைச்சுற்று சுற்றினால் ஏறியது இறங்கும், இறங்கியது ஏறும். அதுவரை சரி. ஆனால் உச்சிக்கு வந்ததும் முதல் பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்தோடு சமமாக நிற்க, அதன் ஜோடியான நாலாவது மட்டும் தளத்தைத் தாண்டித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த அரைச்சுற்றில் இரண்டாவது சமம், மூன்றாவது நீட்டல்.

“ஒரே வீட்டுப் பிள்ளைங்க நாலு, மேடம். ரெண்டு அடக்கம், ரெண்டு அடங்காப்பிடாரி. வளர்ப்பு சரியில்ல.”

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. தளத்துக்கு மேலே எழும்பி நின்ற விளிம்பை அளவுகோலால் அளந்தாள். “நாலு மில்லிமீட்டர். இப்படியே ஹெட்டைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினா முதல் சுற்றிலேயே பிஸ்டன் மேல போய் இடிக்கும். வால்வு வளையும், இன்ஜின் செத்துப்போகும். கத்துக்குட்டிகூடச் செய்யமாட்டான். இவர் ஏன் செஞ்சார்?”

அந்த ‘இவர்’, இரண்டு நாளைக்கு முன்னால் இதே ஸ்டாண்டின் காலடியில் குப்புறக் கிடந்தார். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவதில் பெயர் போனவர். வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய கிராங்கை, ஒரு பிள்ளை கனம் இருக்கும் அந்த இரும்பை, யாரோ இரண்டு கையாலும் தூக்கி அவர் பின்மண்டையில் இறக்கியிருந்தார்கள். ஒரு தடவையோடு விடவில்லை. விழுந்த பிறகும் இறக்கியிருந்தார்கள். தரையைக் கழுவியும் சிமெண்டின் வெடிப்புகளில் கறுப்பு போகவில்லை. வாயாடி அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றான்.

வாசற்படியில் இன்ஜின்காரரின் மனைவி நின்றாள். வந்ததிலிருந்து உள்ளே காலை வைக்கவில்லை.

“அவர் தப்பாப் போட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. ஆனா ஒரு நட்டு கால் திருகு கூடினா தூக்கம் வராது. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தப்ப ரெண்டு பிஸ்டன்தான் போட்டிருந்தார். மத்த ரெண்டு ஓட்டை வழியா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சுது. அதைத்தான் போலீஸ்ல சொன்னேன். நான் சொன்னதே என் தம்பி கழுத்துக்குக் கயிறாப் போச்சு.”

உண்மைதான். போலீஸ் கணக்கு எளிமையானது. மத்தியானம் இரண்டு பிஸ்டன். மாலையில் பிணத்தைக் கண்டுபிடித்தபோது நாலு. இன்ஜின்காரர் அளந்து அளந்து வேலை செய்பவர், இரண்டு பிஸ்டன் போட அரை நாள் எடுப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஆக, சாயங்காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறார். டாக்டரோ, மத்தியானத்துக்கும் மாலைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

அவரோடு சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் ‘புயல்’ என்று பட்டப்பெயர் உள்ள பந்தய ஓட்டுநர், இந்த இன்ஜினின் சொந்தக்காரன். மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாக அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் அதற்கப்புறம் இருட்டும் வரை பந்தயப் பாதையில் நூறு பேர் பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மற்றவன் மனைவியின் தம்பி. இதே பட்டறையில் வேலை செய்பவன். முந்தின நாள் மாமனிடம் கன்னத்தில் அறை வாங்கியவன். சாயங்காலம் எங்கே இருந்தான் என்று சொல்ல ஒரு சாட்சி இல்லாதவன். அவனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

“புருஷனைத் தூக்கிக் குடுத்துட்டேன்,” என்றாள் அவள். “கூடப்பிறந்தவன் செய்யலைன்னா அவனை மீட்டுக் குடுங்க. அவன்தான் செஞ்சான்னா, அதையும் என்கிட்டதான் முதல்ல சொல்லணும்.”

சர்வேயரம்மா தலையாட்டினாள். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைக் குடைந்து பார்த்தவள் அவள். இப்போது நொறுங்கிய மனிதர்களுக்காகத் துப்பறிகிறாள். வாயாடி முன்னாள் லாரி டிரைவர். இந்நாளில் அவளுடைய டிரைவர், எடுபிடி, அடி விழும்போது கேடயம்.

“வாயாடி, கீழ போ. மூணாவதோட நட்டைக் கழட்டு.”

அவன் ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து கழற்ற, அவள் மேலிருந்து மூன்றாவது பிஸ்டனை, அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடோடு உருவி எடுத்தாள். பிறகு முதலாவதையும் உருவி, இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தாள். மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரே விட்டம், ஒரே பளபளப்பு.

“வித்தியாசம் கண்டுபிடி.”

“ஒண்ணு புதுசு, ஒண்ணு துடைச்சு வச்ச பழசு.”

“அது சட்டை. உடம்பைப் பாரு. ராடைக் கோக்குற ‘பின்’ ஆணி போற ஓட்டை.”

வாயாடி குனிந்தான். புதிய பிஸ்டனில் அந்த ஓட்டை தலைக்குக் கிட்டே இருந்தது. பழையதில் கொஞ்சம் கீழே.

சர்வேயரம்மாவின் குரலில் ஒரு உற்சாகம் ஏறியது. பிணம் கிடந்த இடமாக இருந்தாலும் அவளுக்கு யந்திரம் என்றால் யந்திரம்தான். “சைக்கிள் பெடலை நினைச்சுக்கோ. பெடல் கட்டையை நாலு மில்லிமீட்டர் நீளமாக்கினா உன் முட்டி நாலு மில்லிமீட்டர் கூடுதலா மேல வரும், நாலு கூடுதலாக் கீழ போகும். கிராங்கும் அப்படித்தான். நீளமான கிராங்கைப் போட்டா பிஸ்டன் கூடுதல் தூரம் போய் வரும், கூடுதல் காத்தை இழுக்கும், கூடுதலா உதைக்கும். வெளிய பார்த்தா அதே இன்ஜின், உள்ள வயிறு பெருசு. இதுக்குத்தான் ஸ்ட்ரோக்கர்னு பேரு.”

“நல்லதுதானே?”

“முட்டி மேல இருக்கிற கூரை உயரலையே! இடிக்கும். அதனால ராடைக் குட்டையாக்கணும், இல்லாட்டி பிஸ்டன்ல பின் ஓட்டையை அதே நாலு மில்லிமீட்டர் மேல தள்ளணும். இன்ஜின்காரர் ரெண்டாவது வழியை எடுத்திருக்கார். அதே ராடு, ஓட்டை உயர்ந்த புதுப் பிஸ்டன். ரெண்டு ராட்ல புதுசை மாட்டிப் போட்டுட்டார். மீதி ரெண்டு ராட்லயும் பழைய பிஸ்டன் தொங்கிட்டு மேஜை மேல கிடந்திருக்கு.” குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தாள். உள்ளே காகிதம் பிரிக்காத இரண்டு புதுப் பிஸ்டன்கள். “மேஜை மேல கிடந்ததை அப்படியே எடுத்து யாரோ திணிச்சிருக்காங்க. அவர் இல்ல.”

வாயாடி ஸ்டாண்டிலிருந்து ஓரடி விலகினான். “செத்தவர் பக்கத்துல நின்னுக்கிட்டா?”

“செத்தவர் உயிரோட வேலை செஞ்ச மாதிரி காட்டுறதுக்கு. அவருக்கு அரை நாள் ஆகும், ஏன்னா அளப்பார். அளக்காம திணிக்கக் கால் மணி நேரம் போதும்.”

அவள் பழைய பிஸ்டனைச் சுற்றியிருந்த இரும்பு ரிங்கை நகத்தால் நெம்பினாள். ரிங்குக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் எண்ணெயோடு கலந்து அரக்கு நிறத்தில் ஏதோ காய்ந்திருந்தது. தெறித்த ரத்தம் இத்தனை உள்ளே போகாது. வாயாடி வாயைத் திறந்தான். அவள் கண்ணாலேயே மூடவைத்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் முதலில் இறங்கினார். பின்னாலேயே கைவிலங்கோடு தம்பிக்காரன். வலது கண் மூடிப்போயிருந்தது. உதடு கிழிந்திருந்தது. விரல் முட்டிகள் தோல் உரிந்து, பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“இவன் கையில என்ன காயம் சார்?” என்றாள் சர்வேயரம்மா.

“விசாரணை.”

“கேள்வியை லத்தியில எழுதிக் கேட்டீங்களா?” என்றான் வாயாடி.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த விசாரணைக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

அவள் தப்பான பிஸ்டன்களின் கதையைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். “ஆக, ஸ்ட்ரோக்கர் தெரியாதவன் போட்டிருக்கான். நல்லது மேடம், இவனையே கேட்போம். டேய், மூணாவது ஓட்டையில போட வேண்டிய பிஸ்டன் எது?”

மேஜையில் எல்லாம் பரப்பியிருந்தது. தம்பிக்காரன் தயங்காமல் பழைய பிஸ்டன் தொங்கிய ராடையே எடுத்தான்.

அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இன்ஸ்பெக்டரின் மீசை மலர்ந்தது. மேடம் காட்டிய ஆதாரமே தம்பிக்காரனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது!

“உனக்கு ஸ்ட்ரோக்கர் தெரியாதா?” என்றாள் சர்வேயரம்மா.

“சாமான் தேர்வெல்லாம் மாமாதான். கிட்ட விடமாட்டார். முந்தின நாள் அந்தப் பெட்டியைப் பிரிக்கப் போனதுக்குத்தான் அறைஞ்சார். எனக்குச் சாதா இன்ஜின்தான் தெரியும்.”

“சரி. தெரிஞ்ச மாதிரி போடு.”

“மேடம், இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அவன் போட்டு முடிக்கட்டும் சார். பிணத்துக்கு அடியில கிடந்ததே, அந்தப் பட்டையைக் குடுங்க.”

பட்டை என்பது ஒரு தகட்டு வளையம். விரிந்து நிற்கும் ரிங்குகளை அமுக்கிப் பிடித்து, பிஸ்டனை ஓட்டைக்குள் வழுக்கிவிட உதவும். இன்ஜின்காரர் அதைக் கையில் பிடித்தபடியே விழுந்திருந்தார். ஒரு கை விலங்கை அவிழ்த்து ஸ்டாண்டின் காலில் மாட்டினார் இன்ஸ்பெக்டர். தம்பிக்காரன் வீங்கிய விரல்களால் பட்டையை இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் பிஸ்டனைத் தட்டி இறக்கினான். கீழே குனிந்து நட்டை முடுக்கினான். வலியில் பல்லைக் கடித்தான்.

அதோடு நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே அவன் கை ஸ்பேனரைத் தேடியது. கிராங்கின் முனையில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சுற்றினான்.

கண் திறந்தது.

“இது தளத்தைத் தாண்டி மேல வருது! அக்கா, இது தப்பான பிஸ்டன்!” வேகமாகக் குனிந்து நட்டைக் கழற்றி, பிஸ்டனை உருவி மறுபடி மேஜையில் வைத்தான். விலங்கு கணகணவென்று இரும்பில் அடித்துக்கொண்டது.

“ஏன் சுத்திப் பார்த்தே?” என்றாள் சர்வேயரம்மா.

கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. “பிஸ்டன் போட்டா சுத்திப் பார்க்கணுமே? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுற்று. சாப்பிட்டா கை கழுவமாட்டோமா?”

“கேட்டீங்களா சார்? இவன் தப்பானதை எடுப்பான். ஆனா ஒரு சுற்றுலயே கண்டுபிடிச்சுக் கழட்டிடுவான். கொலைகாரன் சுத்தவே இல்லை. நான் பார்க்கும்போது நாலு பிஸ்டனும் ஓட்டைக்குள்ள பாதி ஆழத்துல, இன்ஜின்காரர் விட்ட இடத்துலயே நின்னுது. போடத் தெரிஞ்சவன், ஆனா தொழிலாளி இல்லை. பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தவன்.”

அவள் முடிக்குமுன் வெளியே ஒரு கார் உறுமி நின்றது. காலையிலேயே அவள் போன் போட்டிருந்தாள், ‘உங்க இன்ஜினை எடுத்துக்கிட்டுப் போகலாம்’ என்று.

புயல் உள்ளே வந்தான். ஆறடி உயரம், தோல் கையுறை, வாயில் பபிள்கம். விலங்கிட்ட தம்பிக்காரனைப் பார்த்து, “மாமனைத் தின்ன மச்சானா?” என்றான். தரையில் துப்பினான். கறை இருந்த இடத்திலேயே துப்பினான். வாசற்படியில் இருந்தவள் முதல் தடவையாக உள்ளே காலை வைத்தாள்.

“இன்ஜின் பாதியில நிக்குதே,” என்றான்.

“ஆள் இல்லை சார்,” என்று குழைந்தாள் சர்வேயரம்மா. “ஸ்ட்ரோக்கராம். என்ன சாமான் போடணும்னே யாருக்கும் தெரியல.”

“அதுல என்ன ரகசியம்? கிராங்க் மட்டும்தான் பெருசு. மத்ததெல்லாம் அதே சாமான்தான். பொடியன்கூடப் போடுவான்.”

“உங்களுக்கே வருமா?”

புயலுக்குப் புகழ்ச்சி என்றால் பூனைக்கு மீன். ராடை எடுத்தான். பழைய பிஸ்டன் தொங்கிய ராடு.

“கையுறையைக் கழட்டிட்டுப் போடுங்க சார். எண்ணெயாகிடும்.”

“பரவாயில்ல.”

“விரலால ரிங்கை அமுக்கும்போது வழுக்குமே. பட்டை இங்க இருக்குன்னாலும், அன்னிக்குப் பட்டை கிடைக்காம விரலாலதானே அமுக்கினீங்க? அது பிணத்துக்கு அடியில போயிடுச்சு. புரட்டிப் பார்க்க உங்களுக்குத் தைரியம் வரல.” குழைவு போய்விட்டிருந்தது அவள் குரலில். “ரிங்கோட விளிம்பு பிளேடு மாதிரி. மூணாவது பிஸ்டனோட பள்ளத்துல காய்ஞ்ச ரத்தம் இருக்கு. செத்தவர் விரல்ல கீறல் இல்லை. இவன் விரல் முட்டியில எல்லாம் காயம், ஆனா பெருவிரல் ரெண்டும் முழுசா இருக்கு. உங்க பெருவிரலைக் காட்டுங்க சார்.”

பபிள்கம் மெல்வது நின்றது.

அடுத்து நடந்தது ஒரு மூச்சுக்குள் நடந்தது. கிராங்கில் மாட்டியிருந்த ஸ்பேனரை உருவி, துப்பாக்கிக்குப் போன இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு மளுக்கென்றது. துப்பாக்கி மேஜைக்கு அடியில் ஓடியது. வாயாடி குறுக்கே பாய்ந்தான். கேடயத்தின் வேலை அதுதானே. ஸ்பேனர் அவன் விலாவில் விழுந்தது. இன்னொன்று தோளில். மூன்றாவது மண்டைக்கு வரும்போது அவன் தரையில் உருண்டுவிட்டதால் சிமெண்ட் பெயர்ந்தது.

“சொல்லிடுவேன்னான்!” என்று கத்தினான் புயல். “சின்ன இன்ஜின் பந்தயத்துல பெரிய இன்ஜினோட இறங்குறேன்னு கமிட்டியில சொல்லிடுவேன்னான்! என் காசுல கட்டின இன்ஜின்!”

சர்வேயரம்மா வீசிய எண்ணெய் டப்பா அவன் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய, கைக்கு அகப்பட்ட முதல் ஆளை வளைத்துப் பிடித்தான். இன்ஜின்காரரின் மனைவி. அவள் கழுத்தில் ஸ்பேனரைக் குறுக்கே வைத்து ஸ்டாண்டோடு சேர்த்து நெரித்தான். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின.

“வழி விடுங்க! இல்ல, இவளையும் அவன் பக்கத்துல படுக்கவைப்பேன்!”

இன்ஜின் ஸ்டாண்டில் ஒரு வசதி உண்டு. அடிப்பக்கத்து வேலைக்காக பிளாக்கைத் தலைகீழாகப் புரட்டலாம். பூட்டி நிறுத்த ஒரே ஒரு இரும்பு முளை. தம்பிக்காரனின் ஒரு கை விலங்கில் இருந்தது. மற்ற கை முளைக்குப் போனது.

“அக்கா, குனி!”

அவள் குனியவில்லை; உடம்பையே தளரவிட்டுச் சரிந்தாள். முளை உருவப்பட்டது. தலைக்கனத்தில் நின்ற இரும்பு பிளாக் அப்படியே கவிழ்ந்து சுழன்றது. அதன் மூலை புயலின் முழங்கையைப் பிடித்து ஸ்டாண்டின் கம்பத்தில் வைத்து நசுக்கியது. சத்தம் பச்சைக் கொம்பு முறிவதுபோல இருந்தது. அதற்கப்புறம் வந்த அலறல் தெருவுக்கே கேட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல கையால் விலங்கைப் போட்டார். கையுறையை உருவியது சர்வேயரம்மா. இரண்டு பெருவிரலிலும் நகத்துக்குக் கீழே பிறை வடிவில் ஆழமான வெட்டு, ரிங்கின் வளைவு அச்சு மாறாமல்.

வாயாடி தரையில் கிடந்தபடியே கேட்டான். “மேடம், எனக்கு ரெண்டு விலா போச்சு. அதுக்கும் பழைய சாமானே போட்டுடாதீங்க.”

மறுநாள் போலீஸ் ரத்தம் பட்ட பிஸ்டன்களை மட்டும் ராடிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போன பிறகு, விடுதலையான தம்பிக்காரன் அக்காவோடும் சர்வேயரம்மாவோடும் பட்டறைக்கு வந்தான். அக்காதான் கேட்டாள், புருஷன் செய்த கணக்கு சரியா என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று. மிஞ்சிய இரண்டு ராடுகளையும் எடுத்து வைத்துவிட்டு அவன் பெட்டியைத் திறந்து காகிதம் பிரித்தான். நாலு மில்லிமீட்டர் மேலே தள்ளிய ஓட்டை உள்ள இரண்டு பிஸ்டன்களை மாட்டி, பட்டையால் ரிங்கை அமுக்கி, கழற்றி வைத்திருந்த முதலாவதோடு சேர்த்து உள்ளே இறக்கினான். ஸ்பேனரை அக்காவிடம் நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றினாள். ஒன்றும் நாலும் ஏறின, நின்றன. இரண்டும் மூன்றும் ஏறின, நின்றன. உள்ளங்கையை மேல்தளத்தில் வைத்துத் தடவினாள். எங்கேயும் தட்டவில்லை.

“நீளமான கிராங்குக்கு, நாலு மில்லிமீட்டர் மேல ஓட்டை வச்ச பிஸ்டன்,” என்றாள் சர்வேயரம்மா. “அவர் தேர்ந்தெடுத்தது அதைத்தான். நாலும் சமமா இருக்கு.”